முதியோர் பணிவிடையும் அதற்குரிய ஊதியமும்

உலகத்திற் பிறந்தார் யாவரும், இடையில் இறவாதிருப்பரேல், மூப்பெய்துவது திண்ணம். மூப்பெய்தினார்க்கு உணவும் உடையும் மாத்திரம் போதா. எழுந்திருக்கக் கைகொடுப்பாரும், நள்ளிரவில் தண்ணீர் தருவாரும், படுக்கையிற் கிடப்பின் புரட்டிக் கிடத்தித் தூய்மை செய்வாரும் வேண்டும். இப்பணியைச் செய்தற்குரியார் யாவர்? அவர்க்குக் கொடுக்கற்பாலது யாது? இவ்விரண்டு வினாக்களும் புத்தூரிலும், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் முதலிய அண்மை இடங்களிலும் வாழும் நம் சமூகத்தார் இல்லங்களில் இந்நாளில் அடிக்கடி எழுகின்றன. முற்காலத்தில் மக்களே பெற்றோரைப் பேணினர் என்றும், கூலிக்கு ஆள் வைப்பது இக்காலத்துக் கேடு என்றும் பெரியோர் சிலர் வருந்துகின்றனர். அயலூரில் உத்தியோகம் பார்க்கும் புதல்வரும் புதல்வியரும் அவ்வாறே எண்ணி நாணுகின்றனர். அவ்வெண்ணம் சரித்திரத்திற்குப் பொருந்துவதுதானா என்று ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல்லைக் கருதுவோம். மருத்துவமனையில் நோயாளரைப் பேணுபவரை நாம் செவிலியர் என்கிறோம். பழந்தமிழ் இலக்கியங்களிலே செவிலி என்பாள் தலைவியை எடுத்து வளர்த்த தாய். அவள் மகளே தோழி. பெற்றவள் நற்றாய் எனவும், வளர்த்தவள் செவிலித்தாய் எனவும் பெயர் பெற்றனர். ஆகவே, தான் பெறாத பிள்ளையைத் தன் கையால் வளர்ப்பவளுக்கும் தாய் என்னும் பெயர் தந்து போற்றியவர் நம் முன்னோர். வீட்டிலே பிறர் ஒருவர் வந்து உடலைப் பேணுவது தமிழ்க் குடும்பத்திற்கு அந்நியமான வழக்கமன்று என்பது இச்சொல்லொன்றாலேயே விளங்கும். பிள்ளைமைக்கு ஏற்புடைத்தாகிய அவ்வழக்கம் முதுமைக்கு மட்டும் இழுக்காவது எங்ஙனம்?

இனி, கல்வெட்டுச் சான்றுக்கு வருவோம். 1063 முதல் 1070 வரை ஆட்சிபுரிந்த வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. அங்கே மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் பயன்படுமாறு வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலசாலை நடந்துவந்தது. ஆதுலர் என்பார் நோயுற்றவர். அச்சாலையிற் படுக்கைகள் 15. படுத்திருப்பார் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசியும், இரவு முழுதும் எரிதற்கு ஒரு விளக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. நோயாளர் இருளில் தனித்துக் கிடத்தலாகாது என்று அன்று கருதிய கருணை நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குகின்றது.

அச்சாசனம் ஊழியர் ஒவ்வொருவரின் ஆண்டு ஊதியத்தையும் தனித்தனியே கூறுகின்றது. மருத்துவர்க்கு நிலக்காணியோடு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுத்துச் சிகிச்சை செய்பவர்க்கு 30 கலம் நெல். மருந்துக்கு வேண்டும் மூலிகையும் விறகும் கொண்டுவரும் ஆடவர் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பேணி மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பெண்கள் இருவர்க்கு 30 கலமும் 1 காசும். நாவிதர்க்கு 15 கலம். இக்கணக்கை அன்பர்கள் ஊன்றி நோக்குக. மூலிகை கொணரும் ஆடவர் ஒருவர்க்கு 30 கலம். படுக்கையருகே நின்று பணிவிடை செய்யும் பெண் ஒருவர்க்கோ 15 கலம். மருத்துவர் பெற்ற நெல்லில் ஆறிலொரு பங்கே அவள் பெற்றாள்.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. நோயுற்றோர்க்குச் செய்யும் பணிவிடை ஊதியத்திற்குரிய தொழில் என்பதை ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டார் ஏற்றுக் கல்லிலும் வெட்டிவைத்தனர் என்பது ஒன்று. உடலைத் தொட்டுப் பேணும் கைக்கு, அதிலும் அது பெண்ணின் கையாயின், மற்றவர்க்கு அளப்பதைவிடக் குறைத்தே அளந்தனர் என்பது மற்றொன்று. முன்னதை நாம் மறந்தோம். பின்னதை இன்றளவும் விடாது பற்றிக்கொண்டிருக்கின்றோம்.

நம் அண்மையிலுள்ள ஸ்ரீரங்கத்திலும் இத்தகைய தர்மம் நிகழ்ந்ததுண்டு. போசள மன்னனாகிய வீர ராமநாதன் காலத்தில், 1257-ம் ஆண்டில், சிங்கண்ண தண்டநாயகர் என்பார் திருவரங்கன் திருக்கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்றை அமைத்து, அதனைக் கருடவாகன பட்டர் என்னும் மருத்துவர் வசம் ஒப்புவித்தார். பின்னர்ப் பழுதுற்ற அச்சாலையை 1493-ம் ஆண்டில் அம்மரபினர் ஒருவர் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமாளையும் எழுந்தருளச் செய்தார். இன்றும் ஸ்ரீரங்கத்திற்குச் செல்வோர் அத் தன்வந்திரி சந்நிதியைச் சேவித்து மீள்கின்றனர். பக்கத்தில் ஒரு காலத்தில் நோயாளர் கிடந்தனர் என்பதையும், அவர்களைத் தொட்டெடுத்த கைகள் இருந்தன என்பதையும் நினைப்பவர் சிலரே. தண்டநாயகர் பெயரும் பட்டர் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. திருமுக்கூடலிலும் மருத்துவராகிய கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டரின் பெயர் காணப்படுகின்றது. பணிவிடை செய்த பெண்களோ இருவர் என்னும் தொகையளவிலேயே நிற்கின்றனர்.

இது நிற்க. கோயிலிலும் சாலையிலும் இவ்வாறாயின், வீடுகளில் முதியோரைப் பேணினார் யாவர்? மகன் பேணினான் என்று நாம் சொல்லிவருகின்றோம். உண்மையை நோக்குமிடத்து, மகன் நெல் அளந்தான். பணிவிடை செய்தவள் மருமகள். அவளுக்குத் துணையாக நின்றவள் இளமையிலே கணவனையிழந்து பிறந்தகத்திலோ புக்ககத்திலோ ஒதுங்கிய கைம்பெண். அத்தை என்றும் சித்தி என்றும் பெரியம்மை என்றும் உறவுமுறை கூறி, ஒருவேளைச் சோற்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு சேலைக்கும் அவளிடம் வாழ்நாள் முழுதும் வேலை கொண்ட வீடுகள் எத்தனை! நிலமுடைய வீடுகளில் வெளிவேலைக்கு ஆண்டு நெல் பெறும் படியாட்களும் அவர்தம் பெண்டிரும் இருந்தனர். ஆகவே, கூலியில்லாத அன்பினால் நடந்தது என்று நாம் புகழும் பழைய ஏற்பாட்டிற் பெரும் பகுதி, கூலி கேட்க இயலாதவரின் உழைப்பினால் நடந்ததேயாகும். மருமகளும் கைம்பெண்ணும் அன்பிலாதவர் என்பது கருத்தன்று. அவ்வன்புக்கு விலையில்லை என்று சொல்லியே அவர்களுக்கு யாதும் கொடாது விட்டோம் என்பதே கருத்து. அப்பழைய ஏற்பாடு மீளாது, மீளவும் வேண்டா.

பயிற்சி பெற்ற செவிலியர் என்னும் வகுப்பார் நம் மாகாணத்திலே தோன்றிய வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. சென்னைப் பொது மருத்துவமனையிற் செவிலியர்க்குப் பயிற்சி அளித்தல் 1871-ம் ஆண்டில் தொடங்கிற்று. 1926-ம் ஆண்டில் சென்னைச் செவிலியர் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டு, அவர்கள் பெயரைப் பதிவு செய்யும் முறை ஏற்பட்டது. இத்தொழிலுக்குத் தம் பெண்களை அனுப்ப நம்மவர் நெடுங்காலம் உடன்படவில்லை. பிறர் உடலையும் மலசலத்தையும் தொடுதல் இழிவெனக் கருதினமையே காரணம். கிறிஸ்தவப் பெண்மணிகள் பலர் முன்வந்து அவ்விடத்தை நிரப்பினர். நாம் இழிவென்று விலக்கிய கைகளே பிற்காலத்தில் நம் தந்தையர்க்கும் தாயர்க்கும் இறுதிநாளிற் பணிவிடை செய்தன.

இதனை வேறெவ்வூராரினும் புத்தூரார் நன்கு உணர்தல் கூடும். மகாத்மா காந்தி நினைவு அரசாங்க மருத்துவமனை நம் ஊரிலேயே உள்ளது. 1997-ம் ஆண்டில் தொடங்கிய கி. ஆ. பெ. விசுவநாதம் அரசாங்க மருத்துவக் கல்லூரியோடு இணைந்து நடைபெறுகின்றது. அம்மருத்துவமனையிற் படுத்திருக்கும்போது, ஊசியிடும் செவிலியும் துணி மாற்றும் ஊழியரும் என்ன குலத்தவர் என்று நம்மில் ஒருவரும் வினவுவதில்லை. அந்நோயாளரையே வீட்டிற்குக் கொணர்ந்து, துணைக்கு ஓர் ஆளைத் தேடுங்காலத்தோ, முதல் வினா குலத்தைப் பற்றியதாகவே பல வீடுகளில் எழுகின்றது. மருத்துவமனையில் இல்லாத தீட்டு உய்யக்கொண்டான் வாய்க்காலைக் கடந்து வீட்டுக்கு வருமுன் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? குலத்தின் பெயரால் கூடிய சங்கத்தின் பத்திரிகையிலே இதனை எழுதுவது பொருந்துமோ என்று சிலர் நினைக்கலாம். இங்கே எழுதாவிடின் வேறெங்கே எழுதுவது? முதியவரைத் தூக்கும் கைக்கு வேண்டுவன வலிமை, தூய்மை, பொறுமை, நாணயம் என்னும் நான்குமே. ஐந்தாவதாக ஒன்றைக் கேட்போர் தம் பெற்றோரைத் துணையின்றிக் கிடக்கவிடுவோராவர்.

இனி, இவ்வினா இக்காலத்தில் இத்துணைப் பெருகியதற்குக் காரணம் யாது? 1928-ம் ஆண்டில் ரயில்வேத் தொழிற்சாலை நாகப்பட்டினத்தினின்று பொன்மலைக்கு வந்தது. 1960-களில் திருவெறும்பூரிற் பாரத மிகுமின் நிறுவனம் எழுந்தது. இவற்றால் நம் பிள்ளைகள் ஊரிலிருந்தபடியே வேலைக்குச் சென்று மீண்டனர். ரயில்வே ஊழியர்க்கு 1957-ம் ஆண்டிலே ஓய்வூதிய முறையும் வந்தமையால், முதியோர் கையில் மாதந்தோறும் பணம் புழங்கலாயிற்று. அவர்தம் பேரப்பிள்ளைகளோ, கல்வியால் உயர்ந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும், நம் விமான நிலையத்தினின்றே சிங்கப்பூருக்கும், அதற்கப்பாலும் சென்றனர். படிக்க வைத்ததும் நாமே. செல்க என்று வாழ்த்தி அனுப்பியதும் நாமே. பெண்மக்களும் மருமகளிரும் உத்தியோகம் பார்க்கின்றனர். 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2031-ல் நூற்றுக்குப் பதினெண்மராவர் என்று மத்திய அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகம் மதிப்பிட்டுள்ளது. முன்னாளிற் கைகள் பல இருந்தன, பணம் இல்லை. இந்நாளில் ஓரளவு பணம் உண்டு, கைகள் இல்லை.

சட்டம் இவ்விஷயத்தில் நடந்துவந்த வழியும் ஆராயத்தக்கது. 1898-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மனைவிக்கும் குழந்தைக்குமே ஜீவனாம்சம் கூறப்பட்டது. தாய்தந்தையர் பெயர் அங்கில்லை. 1956-ம் ஆண்டு ஹிந்து தத்தெடுப்பு ஜீவனாம்சச் சட்டம் முதிய பெற்றோரைப் பேணும் கடமையை மகனுக்கேயன்றி மகளுக்கும் விதித்தது. 1973-ம் ஆண்டில் இயற்றிய புதிய நடைமுறைச் சட்டம் பெற்றோரையும் சேர்த்தது. ஆயினும் மாதம் 500 ரூபாய்க்கு மேற்படாமல் வரம்பு கட்டிற்று. மணமான மகளும் இக்கடமைக்குட்பட்டவளே என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்பளித்தது. 500 ரூபாய் வரம்பு 2001-ல் நீங்கிற்று. 2007-ம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன்படி முதியோர் கோட்டாட்சியரிடம் மனுக்கொடுத்து, மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைப் பெறலாம். பேணுவதாக நிபந்தனையிட்டு எழுதிக் கொடுத்த சொத்தை, பேணாதவிடத்து ரத்து செய்விக்கவும் அச்சட்டத்தின் 23-ம் பிரிவு இடந்தருகின்றது. அந்நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக இல்லாமையால் இடர்ப்பட்டோர் பலர். ஆதலின் செட்டில்மென்ட் பத்திரம் எழுதும் முதியோர் அதனை வெளிப்படையாக எழுதிக்கொள்வது அறிவுடைமை.

ஆயினும் ஒன்று கூறுவோம். சட்டம் பணத்தை வாங்கித் தரும். நள்ளிரவில் எழுப்பும் குரலுக்குச் செவிசாய்க்கும் ஆளை வாங்கித் தராது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மருந்துகளும், இயன்முறைச் சிகிச்சையும், நோய்த்துயர் தணிக்கும் பராமரிப்பும் இல்லந்தேடி வரலாயின. அது பேருபகாரம். ஆனால் வருபவர் சிறிது நேரம் இருந்து செல்வர். எஞ்சிய பொழுதுக்கு நாமே ஆள் தேடவேண்டும்.

அவ்வாளின் நிலையை நோக்குவோம். வீட்டு வேலை செய்வோரைத் தொழிலாளர் என்று ஒப்புக்கொள்வதற்கே நம் நாட்டில் நெடுநாள் சென்றது. 1982-ம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் வீட்டு வேலை 1999-ல் சேர்க்கப்பட்டது. வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-ல் அமைந்தது. அவர்க்குரிய குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் 2018-ல் நிர்ணயித்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-ல் இவர்களுக்கென ஓர் உடன்படிக்கை நிறைவேற்றிற்று. இந்தியா அதற்குச் சார்பாக வாக்களித்ததேயன்றி அதனை ஏற்று உறுதிசெய்யவில்லை. நம் வீடுகளில் நடப்பதென்னை? ஒரே பெண்ணை இரவும் பகலும் வைத்துக்கொண்டு, உண்ணும் சோற்றையும் கூலியிற் கழித்து, ஓய்வு நாள் கேட்டால் நன்றியில்லாதவள் என்கின்றனர். நாளொன்றுக்கு 24 மணி. ஒருவர் 12 மணி உழைப்பினும் இருவர் வேண்டும். இருவர்க்கும் வாரம் ஒருநாள் ஓய்வு தருவதாயின் மூன்றாமவர் ஒருவரும் சிற்சில நாள் வேண்டும். இக்கணக்கை முன்னரே போடாதவர், மூவர் வேலையை ஒருத்தியின் முதுகிலேற்றி, அவள் மூன்றாம் மாதம் சொல்லாமற் போய்விட்டாள் என்று குறைகூறுவர்.

பிறநாட்டார் இதற்கு என் செய்தனர்? சிங்கப்பூர் 1995-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றி மக்கள் மேற் கடமையைச் சுமத்தியது. அதே 1995-ல் ஜெர்மனி வேறு வழியைக் கொண்டு, பணிவிடைச் செலவுக்கென்றே ஒரு காப்பீட்டை ஏற்படுத்தியது. ஜப்பான் 2000-ம் ஆண்டில் அதனைப் பின்பற்றி, 40 வயதெய்திய ஒவ்வொருவரும் சந்தா செலுத்துமாறு விதித்தது. மூப்பு வந்தபின் தேடுவதைவிட, வருமுன் பலர் சேர்ந்து சேர்த்து வைத்தல் எளிது என்பதே இதன் கருத்து. இது நமக்குப் புதிதன்று. படிப்பு நிதியும் திருமண நிதியும் நம்போன்ற சங்கங்கள் பலவற்றில் இவ்வாறே எழுந்தன. சிறுவர்க்கு நிதி வைத்தோம். முதியோர்க்கு மட்டும் வைத்திலோம்.

ஆதலின் சங்கத்தார் கவனத்திற்கு நான்கு விஷயங்களை விண்ணப்பித்துக்கொள்கின்றோம். முதலாவது, பணிவிடைக்கு ஆள் தேடுவோர்க்கு உதவியாகச் சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். இப்போது பலர் மருத்துவமனை வாயிலிலும் தெருவிலும் விசாரித்து, அவசரத்தில் யாரையோ அமர்த்துகின்றனர். நன்கு உழைத்தவர் இன்னார் என்று ஒரு வீட்டார் அறிந்தது மறுவீட்டார்க்குத் தெரிவதில்லை. அப்பதிவேட்டிற் குலம் என்னும் பத்தி இருத்தலாகாது. இரண்டாவது, வேலை நேரம், கூலி, ஓய்வு நாள், உணவு, முன்னறிவிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருதிறத்தாரும் ஒப்பமிட வேண்டும். அரசாங்கம் நிர்ணயித்ததற்குக் குறைந்த கூலியைச் சங்கத்தின் வழியாக எவரும் பேசலாகாது. அவ்வூழியர் நலவாரியத்திற் பதிவு பெறவும் நாம் துணைசெய்தல் வேண்டும். மூன்றாவது, நிதி ஒன்று தொடங்கல் வேண்டும். நூறு குடும்பத்தார் மாதம் 200 ரூபாய் இடுவாராயின் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். பிள்ளையில்லாதவர்க்கும் ஓய்வூதியமில்லாத கைம்பெண்டிர்க்கும் அதிலிருந்து முதலில் உதவலாம். நான்காவது, செலவைப் பற்றியது. உடன்பிறந்தார் பலராயின், மகன் மகள் என்னும் பேதமின்றி வருவாய்க்கேற்பப் பங்கிடுக. ஊரிலேயே தங்கிப் பெற்றோரைப் பேணுபவர் மருமகளாயினும் மகளாயினும், அவர் உழைப்பையும் ஒரு பங்காக மதித்துப் பணப்பங்கிற் கழிக்க.

கூலி கொடுத்துப் பணிவிடை செய்விப்பது பெற்றோர்க்குச் செய்யும் இழிவன்று. ஆளை அமர்த்திவிட்டோம் என்று வாரக்கணக்காக ஒரு வார்த்தை பேசாதிருத்தலே அவர்க்கு இழிவு. அமர்த்திய ஆளுக்குக் குறைத்தளத்தலே நமக்கு இழிவு. தாய்தந்தையரிடம் மக்கள் காட்டும் அன்பு, அவர்களைத் தொட்டெடுக்கும் கைக்கு மக்கள் காட்டும் மரியாதையிலும் விளங்கும். திருமுக்கூடலிற் பெயரின்றி நின்ற அப்பெண்கள் இருவரும் பெற்றது பதினைந்து பதினைந்து கலம். இன்று நம் வீட்டில் அவ்விடத்தில் நிற்பவளின் பெயரை நாம் அறிவோம். அவளுக்குரியதை முழுவதும் அளப்போமாக. திருவருள் துணைபுரிக.